எட்டு மணிகளில் ஒரு குடும்பம்

இந்த மாத உயிரியல் பக்கம் என் முறை. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ரைபோசோம் பற்றி ஒரு பக்கம் வருகிறது. புரதம் தயாரிக்கும் இடம், 70எஸ், 80எஸ், இரண்டு மார்க். அதோடு நாம் அடுத்த பக்கம் போய்விடுகிறோம். அந்த ரைபோசோமுக்குள் இருக்கும் ஒரே ஒரு புரதத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம்தான். இடைவேளை மணி அடித்துவிட்டால் நாளை வந்து மீதியைப் படியுங்கள், தாள் எங்கும் ஓடிவிடாது.

நம்ம ஊர்ப் பெரியவர்கள் முன்பின் தெரியாத பையனைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, நீ இன்னார் பேரன்தானே? அந்த மூக்கு அப்படியே இருக்கே!" என்று கேட்பார்கள். பையனின் உயரம் வேறு, நிறம் வேறு, பேசும் விதம் வேறு. ஆனாலும் ஜாடை காட்டிக்கொடுத்துவிடும். புரதங்களுக்கும் அப்படி ஒரு ஜாடை உண்டு. முழுச் சங்கிலியும் மாறியிருந்தாலும் ஏதோ ஒரு சின்ன இடம் மட்டும் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். அந்த இடத்தை வைத்தே "நீ இந்தக் குடும்பம்" என்று சொல்லிவிடலாம்.

முதலில் எழுத்துகளைப் பழகிக்கொள்வோம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை. மணிகள் 20 வகை. ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. அலனினுக்கு ஏ, செரினுக்கு எஸ், புரோலினுக்கு பி, லூசினுக்கு எல், ஐசோலூசினுக்கு ஐ, ஆர்ஜினினுக்கு ஆர். இதுவரை சுலபம். ஆனால் லைசினுக்கு கே, அஸ்பராஜினுக்கு என், குளூட்டமினுக்கு கியூ! ஏன் என்றால் 'எல்' லூசினுக்குப் போய்விட்டது, 'ஏ' அலனினுக்குப் போய்விட்டது; மீதியில் கிடைத்ததைக் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இனிஷியல் வைத்துக் கூப்பிடுகிற மாதிரிதான். இந்த ஓரெழுத்து முறையை உருவாக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் டேஹாஃப். 1965லேயே அதுவரை தெரிந்த புரத வரிசைகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டவர் அவர். இன்றைய பெரிய பெரிய கம்ப்யூட்டர் தொகுப்புகளுக்கெல்லாம் அந்தப் புத்தகம்தான் முன்னோடி.

இனி நம் கதாநாயகன். இ.கோலை பாக்டீரியாவின் ரைபோசோமில் சின்னத் துண்டு, பெரிய துண்டு என்று இரண்டு. சின்னத் துண்டில் ஒரு நீண்ட ஆர்.என்.ஏ.வும் 21 புரதங்களும் இருக்கின்றன. அந்தப் புரதங்களுக்கு எஸ்1, எஸ்2 என்று எஸ்21 வரை நம்பர் போட்டிருக்கிறார்கள். எஸ் என்றால் சின்னது என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 70எஸ்ஸில் வரும் எஸ் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். நாம் எடுத்துக்கொள்வது எஸ்12. மொத்தமே 124 மணி உள்ள குட்டிப் புரதம்.

இதே வேலையைச் செய்யும் புரதங்களை வெவ்வேறு உயிர்களிலிருந்து எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் என்ன தெரிகிறது? முழுவதையும் எழுத சார்ட் பேப்பர் போதாது. நடுவில் உள்ள எட்டு மணிகளை மட்டும் எழுதுகிறேன்.

இ.கோலை: கே கே பி என் எஸ் ஏ எல் ஆர்
காசநோய்க் கிருமி: கே கே பி என் எஸ் ஏ எல் ஆர்
புகையிலைச் செடியின் பசுங்கணிகம்: கே கே பி என் எஸ் ஏ எல் ஆர்
மனிதனின் மைட்டோகாண்ட்ரியா: கே கே பி என் எஸ் ஏ என் ஆர்
பிரெட் செய்யும் ஈஸ்ட்: கே கியூ பி என் எஸ் ஏ ஐ ஆர்
மனிதனின் செல் ரைபோசோம்: கே கியூ பி என் எஸ் ஏ ஐ ஆர்

கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். குடலில் இருக்கும் பாக்டீரியாவும் புகையிலைச் செடியும் நீங்களும் நானும் ஒரே வரிசையில் நிற்கிறோம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மணிகள் (பி என் எஸ்) எல்லோருக்கும் ஒன்றே. கடைசி ஆர் எல்லோருக்கும் ஒன்றே. இரண்டாவது மணியும் ஏழாவது மணியும் மட்டும் ஆளுக்கு ஏற்ற மாதிரி மாறுகின்றன.

இதை ஒரு வாய்பாடாக எழுதி வைத்தால்? சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் அமோஸ் பைரோக் என்பவர் 1988ல் இதைத்தான் செய்தார். ஒவ்வொரு புரதக் குடும்பத்துக்கும் அதன் ஜாடையை ஒரே வரியில் எழுதிச் சேர்த்து வைக்கும் 'புரோசைட்' என்ற தொகுப்பை ஆரம்பித்தார். அதில் எஸ்12 குடும்பத்துக்கான வரி இது:

[ஆர் கே] – எக்ஸ் – பி – என் – எஸ் – [ஏ ஆர்] – எக்ஸ் – ஆர்

படிக்கும் முறை சுலபம். அடைப்புக்குள் இருப்பது "இவற்றில் ஏதாவது ஒன்று". எக்ஸ் என்றால் "எந்த மணி வந்தாலும் பரவாயில்லை". மற்றவை கண்டிப்பு, மாறவே கூடாது. மேலே உள்ள ஆறு வரிசைகளையும் இதில் வைத்துப் பாருங்கள், ஆறும் பாஸ்.

இப்போது எங்க கணக்கு சார் கேட்ட கேள்வி: "எட்டே எட்டு எழுத்துதானே? தற்செயலா வேற புரதத்துலயும் வந்துடாதா?" நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 20 மணிகளும் சம அளவில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம் (உண்மையில் சம அளவில் வராது, தோராயத்துக்குப் போதும்). முதல் இடத்தில் ஆர் அல்லது கே வர வாய்ப்பு 20ல் 2, அதாவது 10ல் 1. எக்ஸ் வரும் இரண்டு இடங்களுக்கும் கணக்கே வேண்டாம், எது வந்தாலும் சரி. பி, என், எஸ் மூன்றும் தலா 20ல் 1. ஆறாவது இடம் 10ல் 1. கடைசி ஆர் 20ல் 1. எல்லாவற்றையும் பெருக்கினால் 10 × 20 × 20 × 20 × 10 × 20 = 1 கோடியே 60 லட்சம். அதாவது கண்ணை மூடிக்கொண்டு மணிகளைக் கோத்தால் 1 கோடியே 60 லட்சம் இடங்களுக்கு ஒரு முறைதான் இந்த ஜாடை தற்செயலாக வரும். இ.கோலையின் சுமார் 4,300 புரதங்களையும் ஒரே மாலையாகக் கோத்தால்கூட 13 லட்சம் மணிகள்தான் தேறும். ஆக, அந்தப் பாக்டீரியாவுக்குள் இந்த ஜாடையைப் பார்த்தால் தைரியமாக எஸ்12 என்று சொல்லலாம்.

ஆனால் உலகத்தில் உள்ள எல்லா உயிர்களின் புரதங்களையும் போட்டுத் தேடினால்? ஜெனீவாக்காரர்கள் சரிபார்த்துத் தொகுத்திருக்கும் சுவிஸ்-புராட் என்ற தொகுப்பில் மட்டும் 20 கோடிக்கும் மேல் மணிகள் இருக்கின்றன. 20 கோடியை 1.6 கோடியால் வகுத்தால் 12, 13 வரும். அவ்வளவு போலிகள் தற்செயலாகவே மாட்டக்கூடும்! கூட்டம் பெருசாகப் பெருசாக, சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு உங்க தாத்தா மூக்கு இருக்கத்தான் செய்யும். அதனால் ஜாடை பொருந்தினால் "விசாரித்துப் பார்க்க வேண்டிய ஆள்" என்று அர்த்தம். புரதத்தின் நீளம் என்ன, மற்ற பகுதிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜாடை சின்னதாகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சர்க்கரை மூலக்கூறு ஒட்டும் இடத்துக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது: என், அதற்குப் பிறகு ஏதோ ஒன்று, அதற்குப் பிறகு எஸ் அல்லது டி (நடுவிலும் முடிவிலும் பி மட்டும் வரக்கூடாது). இது தற்செயலாகச் சுமார் 200 இடங்களுக்கு ஒரு முறை வந்துவிடும். ஏறக்குறைய எல்லாப் புரதத்திலும் இருக்கும். "இரண்டு கண், ஒரு மூக்கு உள்ளவர்" என்று போலீஸில் அடையாளம் சொன்ன கதைதான்.

சரி, இந்த எட்டு மணிகள் மட்டும் ஏன் இத்தனை கோடி ஆண்டுகளாக மாறவே இல்லை? எனக்கு இந்தக் கட்டுரையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். இதற்கு விடை சொன்னவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் 1952ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அவருடைய குழு, வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோம் சின்னத் துண்டைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி, அணு அணுவாக அதன் வடிவத்தை 2000ல் வெளியிட்டது. 2009ல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

ரைபோசோமின் முக்கிய வேலை எம்.ஆர்.என்.ஏ.வின் மூன்றெழுத்துச் சொல்லைப் படித்து, அதற்குச் சரியான டி.ஆர்.என்.ஏ.தான் வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது. ரேஷன் கடையில் கார்டையும் ஆளையும் பார்த்துச் சரிபார்ப்பது போல. இந்தச் சரிபார்ப்பை முக்கால்வாசி செய்வது ரைபோசோமின் ஆர்.என்.ஏ. ஆனால் அந்த இடத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரே புரதம் எஸ்12. அதிலும் நீட்டிக்கொண்டிருப்பது எது தெரியுமா? நம்ம பி என் எஸ் ஏ மணிகள் உள்ள வளைவு! சொல்லின் இரண்டாவது எழுத்தைச் சரிபார்க்கும்போது எஸ் என்ற செரினும், மூன்றாவது எழுத்தைச் சரிபார்க்கும்போது பி என்ற புரோலினும் அங்கே துணை நிற்கின்றன. ஒவ்வொரு உயிரின் ஒவ்வொரு புரதமும் இந்த வாசல் வழியாகத்தான் பிறக்கிறது. இங்கே ஒரு மணி கெட்டால் பாதிப்பு ஒரு புரதத்தோடு நிற்காது. அந்த உயிர் செய்யும் எல்லாப் புரதங்களும் கெடும். அப்படிக் கெட்டவை பிழைக்கவில்லை. பிழைத்தவற்றை மட்டுமே நாம் பார்க்கிறோம், அதனால்தான் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன.

இங்கிருந்து கதை காசநோய்க்குப் போகிறது. உலகில் காசநோய் வருபவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர் என்பதால் இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை.

காசநோய்க்கு முதன்முதலாகக் கிடைத்த நல்ல மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் 1943ல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தார். 1952ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. மாணவர் பெயர் அதில் இல்லை. (மாணவர்கள் சார்பில் என் வருத்தத்தை இங்கே பதிவு செய்கிறேன்.) 1948ல் பிரிட்டனில் இந்த மருந்தைச் சோதித்த முடிவு வெளிவந்தது. மருந்து கொடுத்த 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்த 52 பேரில் இறந்தவர்கள் 14 பேர். எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் ஐந்து ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது முதல் குழுவில் 32 பேரும் இரண்டாவது குழுவில் 35 பேரும் இறந்திருந்தார்கள். வித்தியாசம் கிட்டத்தட்ட கரைந்தே போய்விட்டது. காரணம், பலருடைய உடலிலிருந்த கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிட்டன. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

கிருமி எப்படி மாறியது? ஸ்ட்ரெப்டோமைசின் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு, சொற்களைத் தப்பாகப் படிக்க வைக்கிறது என்பது 1964ல் தெரிந்தது. அடங்காத கிருமியில் எந்தப் பாகம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தது 1969ல், அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த மசயாசு நொமுரா குழு. அவர்கள் செய்த முறையை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம். சைக்கிள் கடையில் வண்டியைப் பிரித்துப்போட்டு மாட்டுவார்களே, அதுபோல ரைபோசோம் சின்னத் துண்டை ஆர்.என்.ஏ. தனி, ஒவ்வொரு புரதமும் தனி என்று பிரித்து, திரும்பச் சேர்த்து ஓட வைத்தார்கள். மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாவின் பாகங்களை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு புரதத்தை மட்டும் அடங்காத பாக்டீரியாவிலிருந்து மாட்டிப் பார்த்தார்கள். எல்லாப் புரதங்களிலும் ஒன்றை மாட்டினால் மட்டும் மொத்த ரைபோசோமும் மருந்துக்கு அடங்க மறுத்தது. அந்தப் புரதம்தான் எஸ்12.

இப்போது மறுபடி நம் வாய்பாட்டுக்கு வாருங்கள். முதல் மணி என்ன? [ஆர் கே]. காசநோய்க் கிருமியின் எஸ்12ல் அந்த முதல் மணி, மாலையின் 43ஆவது மணி. சாதாரணமாக அது லைசின், கே. ஸ்ட்ரெப்டோமைசின் மூலக்கூறு வந்து உட்காரும்போது இந்த லைசினைத் தொட்டுக்கொண்டுதான் உட்காருகிறது. அடங்காத கிருமிகள் பலவற்றில் இந்த 43ஆவது மணி கே-யிலிருந்து ஆர் ஆகியிருக்கிறது. டி.என்.ஏ.வில் பார்த்தால் ஒரே ஓர் எழுத்து மாற்றம்: ஏஏஜி என்பது ஏஜிஜி ஆகிறது. அவ்வளவுதான். மருந்து செல்லாது.

நம் வாய்பாடு இதைக் கண்டுபிடிக்குமா? பிடிக்காது! ஆர் இருந்தாலும் பாஸ், கே இருந்தாலும் பாஸ் என்றுதானே எழுதியிருக்கிறது. மருந்து கேட்கும் கிருமியும் கேட்காத கிருமியும் அதற்கு ஒன்றுதான். இன்னொரு வேடிக்கை: சில கிருமிகளில் அதே 43ஆவது மணி த்ரியோனின் ஆக மாறியிருக்கும். அது ஆரும் இல்லை, கேயும் இல்லை. வாய்பாடு அதை "எஸ்12 குடும்பமே இல்லை" என்று தள்ளிவிடும். ஆனால் அது சந்தேகமில்லாமல் எஸ்12தான். மற்ற 123 மணிகளும் அப்படியே இருக்கின்றன. ஆக, ஒரு பக்கம் ஆபத்தானவனைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது, இன்னொரு பக்கம் சொந்தப் பிள்ளையையே வாசலில் நிறுத்துகிறது. குடும்பம் எது என்று கேட்பது ஒரு கேள்வி, மருந்து கேட்குமா என்று கேட்பது வேறு கேள்வி. ஒன்றுக்காக எழுதிய வாய்பாட்டை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. மருந்து எதிர்ப்பைச் சோதிக்கும் ஆய்வகங்களில் அதனால்தான் 43, 88 போன்ற குறிப்பிட்ட மணிகளைத் தனித்தனியாகப் படிக்கிறார்கள். 88ஆவது மணி நம் எட்டு மணி ஜாடைக்கு வெளியிலேயே இருக்கிறது! போதாததற்கு, எஸ்12 நன்றாக இருந்து ரைபோசோம் ஆர்.என்.ஏ. மாறியதாலும் மருந்து கேட்காமல் போகலாம்.

எங்க பெரியப்பாவுக்கு 2004ல் இரண்டாவது முறையாக டி.பி. வந்தது. அப்போது இரண்டாவது முறை வந்தவர்களுக்கு மாத்திரைகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சேர்த்துக் கொடுப்பார்கள், இரண்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாள். அவர் குணமாகிவிட்டார். ஆனால் காதில் "கொய்ங்" என்ற இரைச்சலும் தள்ளாட்டமும் தங்கிவிட்டன. இன்றைக்கும் கரண்ட் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். உடம்பை நிலைநிறுத்தும் உறுப்பு உள்காதில் இருக்கிறது என்று பத்தாவதில் படித்தோமே, ஸ்ட்ரெப்டோமைசின் கெடுப்பது அந்த இடத்தை. வெளிச்சம் இருந்தால் கண் உதவிக்கு வரும். இருட்டில் அதுவும் இல்லை. பெரியப்பாவைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கேள்வியே வந்தது: பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்கும் மருந்து மனுஷன் காதை ஏன் தொடணும்?

மேலே உள்ள ஆறு வரிசையில் நான்காவதை மறுபடி பாருங்கள். நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி ரைபோசோம் உண்டு, அதற்குத் தனி எஸ்12 உண்டு. அதன் ஜாடை நம் செல் ரைபோசோமை விட பாக்டீரியாவுக்குத்தான் கிட்டத்தில் இருக்கிறது: கே கே பி என் எஸ் ஏ. ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியாவே ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வாரிசு. நம் வீட்டுக்குள்ளேயே எதிரியின் சொந்தக்காரர் குடியிருக்கிறார்! காதின் நுண்ணிய மயிர்ச் செல்கள் இந்த வகை மருந்துகளால் சேதமடைவதற்குப் பல வழிகள் உண்டு, மைட்டோகாண்ட்ரியா அதில் முக்கியமான ஒன்று. சிலருக்கு மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில், ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான பகுதியில், 1555ஆவது இடத்தில் ஏ-க்குப் பதில் ஜி இருக்கும். அந்த மாற்றம் அந்த இடத்தை இன்னும் பாக்டீரியா மாதிரியே ஆக்கிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த வகை ஊசி கொஞ்சம் போட்டாலும் காது கேட்காமல் போகலாம் என்று 1993ல் கண்டுபிடித்தார்கள். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவதால், அம்மா வழிச் சொந்தத்தில் யாருக்காவது ஊசி போட்டபின் காது போயிருந்தால் அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். இதை மட்டும் இந்தத் தாளிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சொல்லுங்கள். 2017ல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பழைய ஊசி முறையைக் கைவிட்டு, எந்த மருந்து கேட்கும் என்று முதலில் சோதித்துவிட்டுச் சிகிச்சை தரச் சொன்னது. பெரியப்பாவுக்கு அது பதின்மூன்று வருஷம் லேட்.

முதல் மணியைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. பாக்டீரியாவில் மருந்து எதிர்ப்பு தந்த அதே இடம், நம் செல் ரைபோசோமின் புரதத்தில் 60ஆவது மணி. நமக்கும் ஈஸ்ட்டுக்கும் ஈக்கும் அங்கே கே. கொதிக்கும் வெந்நீரில் வாழும் சில ஆர்க்கியா நுண்ணுயிர்களுக்கு மட்டும் அங்கே ஆர். 2021ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஈஸ்ட், ஒரு வகைப் புழு, பழ ஈ மூன்றிலும் அந்த ஒரு கே-யை ஆர் ஆக மாற்றிப் பார்த்தார்கள். மூன்றிலும் சொல்லைப் படிப்பதில் தவறு குறைந்தது. மூன்றும் வழக்கத்தைவிட அதிக நாள் வாழ்ந்தன! அப்படியானால் எல்லா உயிரும் ஏன் ஆர் வைத்துக்கொள்ளவில்லை? அந்த மாற்றம் பெற்றவை மெதுவாக வளர்ந்தன. காட்டில் மெதுவாக வளர்பவன் தோற்றுப்போவான். ஆக, வாய்பாட்டில் [ஆர் கே] என்று அலட்சியமாக அடைப்புக்குறி போட்டிருக்கும் இடத்தில் ஒரு பெரிய பேரமே நடந்துகொண்டிருக்கிறது.

வாய்பாடு முறையின் முரட்டுத்தனம் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். ஒரு எழுத்து தப்பினாலும் பெயில். பிராக்டிகலில் ஒரு ரீடிங் தப்பு என்பதற்காக ஜீரோ போடும் எக்ஸ்டெர்னல் மாதிரி. அதனால் பிறகு மதிப்பெண் முறை வந்தது. ஒவ்வொரு இடத்திலும் எந்த மணி வந்தால் எத்தனை மார்க் என்று பட்டியல் போட்டு, முழுப் புரதத்துக்கும் மொத்த மார்க் கூட்டி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாங்கினால் குடும்பத்தில் சேர்ப்பது. 43ஆவது இடத்தில் த்ரியோனின் வந்தால் சில மார்க் குறையும், ஆனால் மற்ற இடங்களில் வாங்கியதை வைத்துப் பாஸ் ஆகிவிடும். புரோசைட் தொகுப்பிலேயே இந்த முறையும் பிறகு சேர்க்கப்பட்டது. இருந்தாலும் எட்டு எழுத்து வாய்பாட்டுக்கு ஒரு அழகு இருக்கிறது: கம்ப்யூட்டர் வேண்டாம், பென்சில் போதும். எங்க டீச்சர் பிரின்ட் எடுத்துக் கொடுத்த வரிசையில் நான் பென்சிலாலேயே கண்டுபிடித்தேன்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவில் எஸ்12 என்ற இந்தப் புரதத்துக்கு மனிதனில் எஸ்23 என்று பெயர். ஆளாளுக்கு அவரவர் ஆய்வகத்தில் வந்த வரிசைப்படி நம்பர் போட்டதால் வந்த வினை. மனிதனிலும் எஸ்12 என்று ஒன்று இருக்கிறது, அது சம்பந்தமே இல்லாத வேறு குடும்பம்! 2014ல் விஞ்ஞானிகள் கூடிப் பேசி, எல்லா உயிர்களுக்கும் பொதுவான ரைபோசோம் புரதங்களின் பெயருக்கு முன்னால் 'யூ' சேர்த்து ஒரே நம்பர் கொடுத்தார்கள். இப்போது இ.கோலையிலும் உங்களிலும் இதன் பெயர் யூஎஸ்12.

கடைசியாக உங்களுக்கு ஒரு புதிர். கீழே உள்ள நான்கும் நானே கோத்த மாலைகள். எவை எவை நம் வாய்பாட்டில் பாஸ்?

1. ஆர் வி பி என் எஸ் ஆர் டி ஆர்
2. கே கே பி கியூ எஸ் ஏ எல் ஆர்
3. ஆர் கே பி என் எஸ் ஏ எல் கே
4. எம் ஏ கே ஜி ஆர் ஆர் பி என் எஸ் ஏ வி ஆர் எல்

நான்காவதில் எங்கே ஆரம்பிப்பது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர், வகுப்போடு உயிரியல் லேப் வாசலில் இருக்கும் அட்டைப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடுங்கள். சரியாக எழுதியவர்கள் பெயர் அடுத்த தாளில் வரும். பதினொன்றாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்காரர்கள் ஒருவரைப் பார்த்து எல்லோரும் எழுதக் கூடாது. ஒரே மாதிரி தப்பு இருந்தால் எந்தக் குடும்பம் என்று நானே கண்டுபிடித்துவிடுவேன்!